ஏழு கழித்து எழுதவும்

எனக்கு மனசு வைத்தியம் பாக்கத் தெரியும். சிரிக்கிறதுன்னா இப்பவே சிரிச்சுக்குங்க. அஞ்சு நாள் படிச்சு, பரீட்சை எழுதி, "மனநல ஆற்றுப்படுத்துனர், அடிப்படைத் தரம்"னு சர்டிபிகேட் வாங்கினவன் நான். லேமினேட் பண்ணித்தான் குடுத்தாங்க. மழை பட்டாலும் ஒண்ணும் ஆகாது.

என் பேரு அழகுமுத்து. டயகமவுக்கு மேல, பஸ் திரும்புற எடத்துலேருந்து ரெண்டு கட்டை, அதாவது ரெண்டு மைல் நடந்தா எங்க தேயிலைத் தோட்டத்து டிவிசன். அங்க நான் கணக்கப்பிள்ளை. காலையில பெரட்டுக் களத்துல பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கிறதும், பொம்பளைக பறிச்சுக்கிட்டு வர்ற கொழுந்தை நிறுத்து எழுதுறதும் என் வேலை. இருபத்தாறு வருஷமா தராசு முள்ளையே பாத்த கண்ணு இது. இந்தக் கண்ணு மனுசன் மனசைப் பாக்கப் போனதுக்கு ஒரே காரணம் என் சம்சாரம் நாகலெட்சுமி.

தைப்பொங்கல் முடிஞ்சதும் அவளுக்கு என்னமோ ஆயிருச்சு. வீட்ல ஒண்ணும் நடக்கல, அதுதான் சங்கடமே. சாவு இல்ல, சண்டை இல்ல, மகன் கொழும்புல ஒரு கடையில நல்லாத்தான் இருக்கான். மலையிலேருந்து மொத ஆளா நெறஞ்ச கூடையோட எறங்குறவ, ஒரு நாள் கூடையை எடுக்காம வாசப்படியில உக்காந்தா. உக்காந்தவதான். அரிசி களையப் போனா சட்டியைக் கையில வச்சுக்கிட்டு பீலிக் குழாயில தண்ணி விழுறதையே பாத்துக்கிட்டு நிப்பா. பின்னாடி குடத்தோட நிக்கிறவங்க ஏசுறது காதுல ஏறாது. "என்ன புள்ள செய்யுது?"ன்னு கேட்டா, "தெரியலீங்க"ம்பா. அவ்வளவுதான் பதில்.

பேய்னாங்க, மந்திரிச்சோம். பிரஷர்னாங்க, மாத்திரை வாங்கினோம். டவுன் ஆஸ்பத்திரியில இதுக்குன்னே தனி கிளினிக் இருக்கு, போவோம் வான்னேன். "அந்த வரிசையில என்னைய யாராச்சும் பாத்தா பைத்தியம்னு தோட்டம் பூராவும் சொல்லிருவாங்க. நான் வரமாட்டேங்க. நம்ம டிஸ்பென்சரிக்கு டாக்டர் வந்தா, பிரஷர் பாக்கப் போற மாதிரி போயிட்டு வந்துர்றேன்"னா. மூணு மாசத்துல அவ பேசின நீளமான பேச்சு அது ஒண்ணுதான். நான் அதைக் கெட்டியாப் புடிச்சுக்கிட்டேன்.

அந்த நேரம் பாத்து வந்து சேந்துச்சு மனமலர்ச்சி நிறுவனம். கொழும்புலேருந்து ஜீப்புல வந்து, கொழுந்து நிறுக்கிற மடுவத்துல கூட்டம் வச்சாங்க. மாசக் கடைசி வியாழக்கிழமை எங்க டிஸ்பென்சரிக்கே மனசு டாக்டர் ஒருத்தர் வருவாராம், ஒரே ஒரு நாள்தான் வருவாராம். ஆனா நெனச்சவங்க போய்ப் பாக்க ஏலாது. பயிற்சி எடுத்த ஆள் அளந்து பாத்து, துண்டுச் சீட்டு குடுத்து அனுப்பணும். டிவிசனுக்கு ஒரு ஆள் பயிற்சிக்கு வரலாம்னதும் எல்லாரும் தலையைக் குனிஞ்சுக்கிட்டாங்க. நான் கையைத் தூக்கிட்டேன்.

பயிற்சி நுவரெலியாவுல, ஒரு பெரிய ஓட்டல்ல. இருபது பேர் இருந்தோம். எனக்கு ஒரு பக்கம் அடுத்த தோட்டத்துக் கங்காணி பொன்னையா. இன்னொரு பக்கம் லிந்துலையில சீலைக்கடை வச்சிருக்கிற நஸ்லியா. ஆளுக்கு ஒரு பை குடுத்தாங்க. உள்ள ஒரு கொப்பி, ஒரு பேனை, ஒரு பெட்டி டிசு, அப்புறம் பள்ளிக்கூடத்துப் பிள்ளைக கோணம் அளக்கிற அரைவட்டம் ஒண்ணு.

"இது எதுக்குண்ணே?"ன்னு நஸ்லியா கேட்டா.

"தெரியல தங்கச்சி. மனசு எத்தனை பாகை சாஞ்சிருக்குன்னு பாக்கவா இருக்கும்"னேன். வெளையாட்டாத்தான் சொன்னேன். பாத்தா, கிட்டத்தட்ட அதுதான் விசயம்.

ஜெயந்தினி மேடம்தான் பணிப்பாளர். நல்ல மனுசி, அதுல குத்தம் சொல்ல முடியாது. ஒருத்தரையும் ஏச மாட்டாங்க, ஏசுனாக்கூட சிரிச்ச மொகமாத்தான் ஏசுவாங்க. மொத நாளு மேடை ஏறி, "அன்பானவர்களே, சேவைபெறுநரும் நீங்களும் நேருக்கு நேர் அமரக் கூடாது. அது அதிகாரம். பக்கத்தில் அமரக் கூடாது. அது நெருக்கம். சரியாக நாற்பத்தைந்து பாகைக் கோணத்தில், ஒரு மீற்றர் இடைவெளியில் இரு கதிரைகளைப் போடுங்கள். டிசுப்பெட்டி வலக்கைப் பக்கம் இருக்கட்டும்"னாங்க.

பொன்னையா எந்திரிச்சாரு. "மேடம், லயத்து வீட்டுக் காம்பரா பத்துக்குப் பன்னெண்டு அடி. அதுல ஏழு பேர் இருக்காங்க. கதிரை ஒண்ணுதான், அதுலயும் துணி கெடக்கும்."

மேடம் அழகாத் தலையாட்டினாங்க. "இடப் பற்றாக்குறையால் நீங்கள் சிரமப்படுகிறீர்கள் என்று நான் கேட்கிறேன்"னாங்க. அம்புட்டுதான். அடுத்த பாடத்துக்குப் போயிட்டாங்க. அப்புறந்தான் வெளங்குச்சு, அதுதான் ரெண்டாவது பாடமாம். ஒருத்தர் சொன்னதையே திருப்பி அவருக்கே சொல்லணும். புத்தி சொல்லக் கூடாது, தோளைத் தொடக் கூடாது, "நான் இருக்கேன்"னு சொல்லவே கூடாது. ஏன்னா ஆற்றுப்படுத்துனர் இருப்பாரான்னு நிறுவனம் உத்தரவாதம் குடுக்க முடியாதாம்.

ரெண்டாம் நாளு மனசை அமைதிப்படுத்துற பயிற்சி. கண்ணை மூடச் சொல்லி, வீணை கேசட் ஒண்ணைப் போட்டுவிட்டு, மேடம் மெதுவாப் பேசுறாங்க. "நீங்கள் ஒரு பச்சைப் பசேலென்ற தேயிலை மலையில் நிற்கிறீர்கள். மெல்லிய பனி படர்கிறது. சிறு தூறல் உங்கள் முகத்தைத் தொடுகிறது. உங்களுக்கு ஒரு வேலையும் இல்லை."

கண்ணை மூடின நிமிசத்துல நான் மலைக்குப் போயிட்டேன். போனதும் மட்டம் வெட்டாம விட்ட நெரை கண்ணுல பட்டுச்சு, எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. பக்கத்துல பொன்னையா காலைச் சொறியிறாரு. மேடம் அவர் கிட்ட வந்து, "என்ன உணர்கிறீர்கள், ஐயா?"ன்னு கேட்டாங்க.

"அட்டை ஏறுதுங்க மேடம். கொஞ்சம் சுண்ணாம்பு கெடைக்குமா?"

மேடம் அதை எழுதிக்கிட்டாங்க. எட்டிப் பாத்தேன். "பங்கேற்பாளர் குணமடைதலை எதிர்க்கிறார்"னு எழுதியிருந்துச்சு.

நாலாம் நாளுதான் நெசமான வேலை. அளக்கிற படிவம் தந்தாங்க. ஒம்பது கேள்வி. தூக்கம் உண்டா, பசி உண்டா, ஒண்ணுத்துலயும் ஆசை இல்லையா, தன்னைப் பத்திக் கேவலமாத் தோணுதா, இப்படி. ஒரு கேள்விக்கு அதிகபட்சம் மூணு புள்ளி. மொத்தம் பத்து வந்தா டாக்டர்கிட்ட அனுப்பணும். எங்களை வேன்ல ஏத்திக்கிட்டுப் போய் ஒரு தோட்டத்து லயத்துல விட்டுட்டு, ஆளுக்குப் பத்துப் பேரை அளந்துக்கிட்டு வாங்கன்னாங்க.

சாயந்தரம் கூட்டிப் பாத்தா, எரநூறு பேர்ல நூத்தித் தொண்ணூத்தியொரு பேர் பத்தைத் தாண்டிட்டாங்க. மேடத்துக்கு நம்பிக்கையில்ல. தராசு சரியா இருக்கான்னு சோதிக்க, ஓட்டல்ல தேத்தண்ணி கொண்டு வர்ற பையனை அளந்தாங்க, பதினாலு. வேன் டிரைவரை அளந்தாங்க, பதினேழு. டிரைவர் பயந்துபோயி, "நாளைக்கு எனக்கு லீவு தருவீங்களா மேடம்?"னு கேட்டாரு. மேடம் அவசரமா எல்லாரையும் உள்ள கூப்பிட்டாங்க.

"அன்பானவர்களே, நாம் பதற்றமடையக் கூடாது. மூச்சை உள்ளே இழுங்கள். வெளியே விடுங்கள். நமது திட்ட அறிக்கையில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மனச்சோர்வு இருப்பதாக ஏற்கெனவே எழுதி, நிதி தருவோருக்கு அனுப்பியாகிவிட்டது. அவர்கள் மிகவும் நல்லவர்கள். அவர்களைக் கவலைப்படுத்த நமக்கு உரிமையில்லை. மேலும், நூறில் பத்துப் பேருக்கு இருந்தால் அதை நோய் எனலாம். தொண்ணூற்றைந்து பேருக்கு இருந்தால் அது நோயாகாது. அது பழக்கவழக்கம். நாம் மக்களின் பழக்கவழக்கத்தை மதிக்கும் நிறுவனம்."

எல்லாரும் கைதட்டினாங்க. நானும் தட்டினேன். அடுத்தாப்ல சொன்னதுதான் என் வயித்துல அடிச்சுச்சு. "எண்கள் இப்படியே இருந்தால், வியாழக்கிழமை வைத்தியரின் வருகையை ஒத்திவைக்க வேண்டியிருக்கும். ஒரு கருவி எப்போதுமே கூடுதலாகக் காட்டினால் நாம் என்ன செய்வது? யாருக்காவது அனுபவம் உண்டா?"

சும்மா கெடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. டாக்டர் வராட்டி லெச்சுமிக்கு ஏது வழி? அது ஒண்ணுதான் என் மண்டையில ஓடுச்சு. எந்திரிச்சு நின்னுட்டேன். "மேடம், எங்க மடுவத்துல கொழுந்து எப்பவும் நெசத்தை விடக் கூடத்தான் நிறுக்கும். மழையில நனைஞ்சு வரும், சாக்கும் சேந்து வரும். முள்ளு காட்டுறதை அப்படியே எழுத மாட்டோம். சாக்குக்கு ரெண்டு, ஈரத்துக்கு அஞ்சு, ஏழு கிலோ கழிச்சுட்டுத்தான் எழுதுவோம். வெயில் அடிச்சாலும் ஈரத்துக்குக் கழிக்கிறதுதான். அது தொர சொன்ன வழக்கம்"னேன்.

நாலு நாள்ல மொத தடவையா மேடம் நெசமாவே சந்தோசப்பட்டாங்க. பலகையில பெருசா "-7"ன்னு எழுதிட்டுத் திரும்பினாங்க. "இதைத்தான் நாம் சமூகத்தின் அறிவு என்கிறோம்! இங்கே எப்போதும் பனி, மழை, குளிர். அதற்கு இரண்டு. பரம்பரையாக வரும் சோகம் ஐந்து. இவை மலையில் இருப்பவை, மனிதரின் நோயில் இருப்பவை அல்ல. ஆகவே தோட்டத்தில் பிறந்த எவருக்கும் ஏழு கழித்து எழுதவும்"னாங்க. என்னை மேடைக்குக் கூப்பிட்டுப் போட்டோ எடுத்தாங்க. கீழ எறங்கி வந்தப்ப நஸ்லியா என் மூஞ்சியைப் பாக்கல.

"அண்ணே, உங்க மடுவத்துல கழிக்கிற ஏழு கிலோ எங்க போகுது?"ன்னு மட்டும் கேட்டா.

"அது... தேயிலை அரைக்கிற ஸ்டோருக்குத்தான் போகும்."

"கொழுந்து ஸ்டோருக்குப் போகும். இது எங்கண்ணே போகும்?"

டாக்டர் வரப்போறாருல்ல, அது போதும்னு நெனச்சேன். மறுநாள் பரீட்சை வச்சு, குத்துவெளக்கு ஏத்தி, சர்டிபிகேட் குடுத்தாங்க. பிரதம அதிதியாக் கூப்பிட்டிருந்த அரசியல்வாதி ரெண்டு மணி நேரம் பிந்தி வந்து, "மனச்சோர்வை நான் அறிவேன். கடந்த தேர்தல் முடிவன்று எனக்கும் வந்தது. பதவி கிடைத்ததும் போய்விட்டது. ஆகவே நம்பிக்கையை இழக்காதீர்கள்"னு பேசிட்டு, பகல் சாப்பாட்டுக்கு மொத ஆளா எந்திரிச்சுப் போனாரு.

வீட்டுக்கு வந்த அன்னைக்கே லெச்சுமியை அளக்க உக்காந்தேன். கதிரையில அவளை வச்சு, அரிசிப் பெட்டி மேல நான் உக்காந்து, அரைவட்டத்தை வச்சு நாப்பத்தஞ்சு பாகை புடிச்சேன். டிசுவை வலது கைப்பக்கம் வச்சேன்.

"என்னங்க இது, கோணல்மாணலா உக்காந்துக்கிட்டு? நேரா உக்காருங்க, கழுத்து வலிக்கப் போகுது"ன்னா.

பேப்பர் படிவத்தை நிப்பாட்டிட்டு பெரிய போன் மாதிரி ஆளுக்கொரு டெப் குடுத்திருந்தாங்க. நான் கேள்வியை வாசிக்கணும், சேவைபெறுநர் தன் வெரலாலயே அமுத்தணும். வேற யாரும் அமுத்தக் கூடாது. அவ வெரலு கொழுந்து ஒடிச்சு ஒடிச்சு வெடிச்சுப் போன வெரலு. டெப் அதை வெரலாவே எடுத்துக்கல. ஒவ்வொரு பதிலுக்கும் நாலு தடவை, அஞ்சு தடவை அழுத்தினா. டிசுவை எடுத்து டெப்பைத் தொடைச்சா.

"கடந்த இரு வாரங்களில், அன்றாடச் செயல்களில் ஆர்வமின்றி எத்தனை நாள் இருந்தீர்கள்?"

"ஆர்வம்னா?"

"ஆசையா ஒரு வேலையைச் செய்றது, புள்ள."

"முந்தியெல்லாம் உங்களுக்கு ரொட்டி சுடுறப்ப ஆசையாத்தான் சுடுவேன். இப்ப அது மாவு, அவ்வளவுதான்"னா. "தினமும்"னு அமுத்தினா. அடுத்த கேள்வியை வாசிச்சேன்.

எட்டுக் கேள்வி முடிஞ்சப்ப மனசுக்குள்ள கூட்டி வச்சிருந்தேன், பதினாலு. கழிவு போகப் பத்து நிக்கணும்னா பதினேழு வேணும். மிச்சம் ஒரே கேள்வி, தூக்கம். "தினமும் தூக்கமில்ல"ன்னு அமுத்தினா மூணு. சரியாப் பதினேழு.

"லெச்சுமி, தினமும் தூங்கலன்னே அமுத்து."

"போன செவ்வாக்கெழம தூங்கினேங்க. வெள்ளிக்கெழமயும் கொஞ்சம் கண்ணசந்தேன். பாதி நாளுன்னு போடலாம்."

"ஐயோ, போட்டுத் தொலையேன்! செவ்வாக்கெழமய யாரு கேட்டா?"

அவ என்னைப் பாத்தா. கோவமில்ல. "இத்தனை வருஷத்துல என் சாக்குல ஒரு கல்லு போட்டிருப்பேனா? டாக்டர்கிட்ட போறதுக்கு நெசத்தைச் சொன்னாத்தானே மருந்து சரியாத் தருவாரு"ன்னா. சொல்லிக்கிட்டே "பாதி நாட்கள்"ங்கிறதை அமுத்தினா. அந்தத் தடவை மட்டும் டெப் ஒரே அமுத்துல எடுத்துக்கிச்சு, சனியன்.

பதினாறு வந்துச்சு. ஒரு நிமிசம் சுத்திட்டு அழிஞ்சு ஒம்பது ஆச்சு. பச்சையா ஒரு சிரிச்ச மூஞ்சி வந்து, "நீங்கள் நலம். தொடர்ந்து புன்னகையுங்கள்"னு காட்டுச்சு. அவ பாக்குறதுக்குள்ள டெப்பை மூடிட்டேன்; ஒம்பதுதான்னோ, கழிவு யோசனை என்னோடதுதான்னோ நான் அவகிட்ட சொல்லல. வெக்கமா இருந்துச்சு. வியாழக்கிழமை நேர்ல போய்க் காலைப் புடிச்சாவது காட்டிரலாம்னு நெனச்சேன். நஸ்லியாவுக்குப் போன் போட்டா, "என்கிட்டயும் ஒருத்தர்கூடத் தேறலண்ணே. மீனுக்குச் செதிலைக் கழிப்பாங்க, இவங்க மீனையே கழிச்சுட்டாங்க. அன்னைக்கே உங்க வாயைப் பொத்தியிருக்கணும் நான்"னு சொல்லிட்டு வச்சுட்டா.

வியாழக்கிழமை காலையில லெச்சுமி தானாவே எந்திரிச்சா. வெந்நி வச்சுக் குளிச்சா. தலைக்கு எண்ணெ வச்சு, கல்யாணத்துக்குக் கட்டுற நீலச் சீலையைக் கட்டினா. நாலு மாசமா பீலியைத் தாண்டி எங்கயும் போகாதவ டிஸ்பென்சரி வரைக்கும் எனக்கு முன்னால நடந்து போனா. லயத்துல யாரோ கேட்டதுக்கு, "பிரஷர் பாக்கப் போறேன்"னு பதில்கூடச் சொன்னா. எனக்கு அழுகையும் வந்துச்சு, சந்தோசமும் வந்துச்சு.

டிஸ்பென்சரி வாசல்ல வாழைமரம் கட்டியிருந்தாங்க. ஜெயந்தினி மேடம் மைக்குல பேசிக்கிட்டிருந்தாங்க. "முப்பத்தியொரு நாட்களில், எமது ஆற்றுப்படுத்துனர்களின் அயராத உழைப்பினால், தோட்டத் தொழிலாளர் மத்தியில் மனச்சோர்வு முற்றாக ஒழிக்கப்பட்டுள்ளது. ஒருவர்கூட இல்லை!" கைதட்டு. டாக்டர் உள்ள இருந்தாரு, அவருக்கு ஒரே ஒரு நோயாளிதான். எங்க சின்னத் தொர. அவர் தோட்டத்துல பொறக்கல, அதனால கழிவில்ல. பங்களாவுல இண்டர்நெட் சரியா வராம தூக்கம் கெட்டுப் போச்சாம், பதினொண்ணு. முக்கா மணி நேரம் பேசினாங்க. வாசல்ல லெச்சுமி சீலை மடிப்பைச் சரி பண்ணிக்கிட்டு வாங்குப் பலகையில உக்காந்திருந்தா.

நான் மேடத்துக்கிட்ட போனேன். "மேடம், என் சம்சாரத்தை ஒருவாட்டி காட்டிரணும். ஒம்பதுதான். ஒரே ஒரு புள்ளி. ஒரு செவ்வாக்கெழம தூங்கிட்டா, அது ஒண்ணுதான் அவ செஞ்ச குத்தம்."

மேடம் நாப்பத்தஞ்சு பாகை திரும்பி நின்னாங்க. "நீங்கள் கவலையாக இருக்கிறீர்கள் என்று நான் கேட்கிறேன்."

"ஆமாங்க மேடம், கவலையாத்தான் இருக்கேன். அவளைக் காட்டணும்."

"அவரைக் காட்ட வேண்டும் என்று விரும்புகிறீர்கள் என்று நான் கேட்கிறேன்."

"கேக்குறீங்கல்ல, அப்ப விடுங்களேன்!"

"ஐயா, ஒருவருக்கு விதிவிலக்குக் கொடுத்தால் நூற்றித் தொண்ணூற்றொரு பேரும் வருவார்கள். அவர்கள் நலமாக இருப்பதாக அறிக்கை போய்விட்டது. நலமாக இருப்பவர்களை வைத்தியரிடம் அனுப்புவது அவர்களைப் புண்படுத்தும்." கொஞ்சம் கொரலைத் தாழ்த்தினாங்க. "கழிவு உங்களுடைய கண்டுபிடிப்பு. நீங்களே அதைச் சந்தேகிக்கலாமா?"

டாக்டர் வெளிய வந்தாரு. நான் குறுக்க போய் நின்னு கையைக் கூப்பினேன். மனுசன் லெச்சுமியைப் பாத்தாரு, கடியாரத்தைப் பாத்தாரு. "பாக்க எனக்கு ஆட்சேபனை இல்லை. ஆனா பதிவுல பேர் இல்லாம மருந்து எழுத முடியாது. நானுஓயாவுல ட்ரெயினைப் புடிக்கணும்"னு சொல்லி, எனக்காக நெசமாவே வருத்தப்பட்டாரு. ஜீப் போயிருச்சு. வாழைமரத்தை அவுக்க ஆரம்பிச்சாங்க.

லெச்சுமிகிட்ட நான் எப்படிச் சொல்லுவேன்? கொண்டு போயிருந்த டெப்பைத்தான் தொறந்து நீட்டினேன். அவ அந்தப் பச்சை மூஞ்சியை வெரலால தடவிப் பாத்தா. "என்னங்க போட்டிருக்கு?"

"நலம்னு போட்டிருக்கு புள்ள."

"எனக்குச் சீக்கு இல்லையாமா?"

"இல்லையாம்."

வீட்டைப் பாத்து நடந்தா. கோயில் மேட்டுக்கிட்ட வந்ததும் நின்னுட்டா. "சீக்குன்னு நெனச்சுக்கிட்டிருந்தேங்க. சீக்குன்னா என்னைக்காவது ஒரு நாள் விட்டுப் போயிருமில்ல, அந்தத் தெம்புலதான் குளிச்சேன், சீலை கட்டினேன். இது சீக்கு இல்லன்னா..." என் மூஞ்சியையே பாத்தா. "அப்ப இதுதான் நானாங்க?"

அஞ்சு நாள் படிச்சவன் நான். அவ சொன்னதைத் திருப்பி அவளுக்கே சொல்லலாம், அது ஒண்ணுதான் எனக்குக் கத்துக் குடுத்தது. அவ தோளைத் தொட்டேன். அவ அதைக் கவனிக்கல.

"சரி விடுங்க. நல்லாருக்கிறவ வீட்ல குந்திக்கிட்டிருந்தா சனம் என்ன பேசும்? நாளைக்குப் பெரட்டுக்கு வர்றேன். எனக்கும் பேர் போடுங்க"ன்னா.

போட்டேன்.